வாஷிங் மெஷினில் பூஞ்சையும் பாக்டீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துவைத்து எடுத்த துணியில் ஈரவாடை, கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் மக்கல் நெடி, ரப்பர் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள். இந்த மூன்றில் ஒன்றையாவது பார்க்காத வீடு குறைவு. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: வினிகர் ஊற்று, சோடா போடு, வாசனை லிக்விட் மாற்று. இவற்றில் சில வேலை செய்யும், பல செய்யாது. கிருமி அங்கே எதைத் தின்று, எப்படிப் பிழைக்கிறது என்று புரிந்தால் எது தேவை, எது வீண்செலவு என்பதை நீங்களே பிரித்துவிடலாம். அதனால் முதலில் அதைப் பற்றிய கேள்விகள், அப்புறம் சுத்தம் செய்வது பற்றியவை.

தினமும் சோப்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் கிருமி எப்படி வளர்கிறது?

சோப்பின் வேலை அழுக்கைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு அனுப்புவது. கிருமியைக் கொல்வது அதன் முதல் வேலை கிடையாது. பிரிந்த அழுக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: உதிர்ந்த தோல் துகள், வியர்வை, உடம்பு எண்ணெய், துணிப் பஞ்சு. இதில் பெரும்பகுதி வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒட்டிக்கொள்ளும்.

நாம் பார்க்கும் துளைபோட்ட டிரம்மைச் சுற்றி வெளியே இன்னொரு தொட்டி இருக்கிறது. தண்ணீரைத் தாங்கி நிற்பது அந்த வெளித் தொட்டிதான். அதன் உள்சுவரும் டிரம்மின் பின்பக்கமும் நம் கைக்கு எட்டாது. ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் சோப்புக் கசடு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பஞ்சு என்று அங்கே படிந்துகொண்டே போகும். மெஷின் நின்ற பிறகும் அடியில் பம்ப் இருக்கும் பகுதியில் சிறிது தண்ணீர் தேங்கியிருக்கும். கதவை மூடிவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. தீனி, ஈரம், காற்றோட்டமில்லாத இருட்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. சூடாக ஏதாவது வந்து அவற்றைக் குலைத்தால் சரி. இப்போது பெரும்பாலோர் குளிர்ந்த தண்ணீரில்தான் துவைக்கிறோம், அதனால் அதுவும் நடப்பதில்லை.

கையில் வழுவழுவென்று ஒட்டுகிறதே, அது சோப்பா?

பாதி சோப்பு. மீதி பயோஃபிலிம். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் கீழ் மடிப்பைப் பிரித்து விரலை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம் வரும். அதில் முடியும் பஞ்சும் சிக்கியிருக்கும். பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒரு பரப்பில் ஒட்டியதும், தம்மைச் சுற்றி ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றன. அந்தப் பிசினுக்குள் கூட்டமாக வாழ்கின்றன. பிசின் அவற்றைக் காயவிடாது, ரசாயனத்தையும் எளிதில் உள்ளே விடாது. தண்ணீரில் தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவு மருந்து, அதே பாக்டீரியா பிசினுக்குள் இருந்தால் போதாமல் போகும்.

இதனால்தான் மருந்து ஊற்றி மெஷினை ஓட்டுவது மட்டும் போதுவதில்லை. கை எட்டும் இடங்களில் தேய்த்து அந்தப் படலத்தை உடைக்க வேண்டும். உடைந்த பிறகு போடும் ப்ளீச் பலமடங்கு நன்றாக வேலை செய்யும்.

எந்த இடங்களில் அதிகம் சேரும்?

முதலிடம் ரப்பர் வளையத்தின் கீழ் மடிப்புக்கு. தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் அங்கே இருக்கும். பஞ்சும் முடியும் அவற்றை அடைத்துவிட்டால் மடிப்பு நிரந்தரக் குட்டையாகிவிடும்.

அடுத்தது சோப்பு போடும் டிரே. டிரேயை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, அது இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்து மேற்கூரையைப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சும் சின்னத் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கூரை கறுத்துக் கிடக்கும், பலருக்கு அது தெரிவதேயில்லை. துணிமேல் போகும் தண்ணீர், கடைசி அலசல் தண்ணீர் உட்பட, அந்த வழியாகத்தான் போகிறது. டிரேயை மட்டும் கழுவிவிட்டு இந்தக் கூரையை விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

மூன்றாவது, ஃப்ரண்ட் லோடில் கீழே சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஃபில்டர். டாப் லோடில் இதற்குப் பதில் பஞ்சு சேரும் வலைப்பை இருக்கும். பிறகு டிரெயின் பைப்பின் உள்பக்கம். கடைசியாக, டிரம்மின் முதுகில் மூன்று கையோடு இருக்கும் உலோகத் தாங்கி. மெக்கானிக்குகள் இதை ஸ்பைடர் என்பார்கள். பல மெஷின்களில் இது அலுமினியக் கலவை. அதன் மூலைகளில் கசடு தங்கினால் வாடையோடு நிற்காது. காரத்தன்மையுள்ள சோப்புக் கசடு உலோகத்தையும் மெல்ல அரிக்கும்.

ஃப்ரண்ட் லோடில் மட்டும்தான் இந்தப் பிரச்சினையா?

இல்லை. ஃப்ரண்ட் லோடின் கதவு தண்ணீர் கசியாதபடி இறுக்கமாக மூடும், அதனால் ஈரம் உள்ளேயே நிற்கும். தண்ணீரும் குறைவாக எடுக்கும், அதனால் கசடு முழுமையாக அலசிப் போவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. அமெரிக்காவில் ஃப்ரண்ட் லோடு மெஷின்களின் பூஞ்சை வாடையைக் குறித்துப் பெரிய கூட்டு வழக்குகளே நடந்தன.

டாப் லோடில் மூடி அவ்வளவு இறுக்கமில்லை, ரப்பர் மடிப்பும் கிடையாது. ஆனால் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே இருக்கும் சந்து அதற்கும் உண்டு. அடியில் சுழலும் தட்டைக் கழற்றிப் பார்த்தால் கறுப்புச் சேறு மாதிரி படிந்திருக்கும். டாப் லோடில் வெந்நீர் இல்லாமல் துவைப்பவர்கள் அதிகம் என்பதால் சில வீடுகளில் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும். துவைத்த துணியில் கறுப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றனவா? அவை அங்கிருந்து உரிந்து வருபவை.

கறுப்பு, இளஞ்சிவப்பு, பழுப்பு என்று நிறம் வேறுபடுகிறதே, எது என்ன?

ரப்பரில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு என்றால் பெரும்பாலும் பூஞ்சை. சோப்பு டிரேயில் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு படலம் என்றால் ரோடோடொருலா போன்ற சிவப்பு ஈஸ்ட்டோ நிறமி சுரக்கும் பாக்டீரியாவோ இருக்கலாம். பழுப்பு மெழுகு போலத் திரண்டிருந்தால் சோப்பும் எண்ணெயும் கலந்த கசடு. வெள்ளையாகக் கரகரவென்று இருந்தால் கடினநீரின் உப்புப் படிவு. அது கிருமி இல்லை, ஆனால் கிருமி ஒட்டிக்கொள்ள நல்ல சொரசொரப்பான தளம். நிறத்தை மட்டும் வைத்து இன்ன இனம் என்று சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. சுத்தம் செய்யும் முறை ஒன்றுதான்.

ஆராய்ச்சியில் உண்மையிலேயே என்னென்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்?

ஸ்லோவேனியாவில் 70 வீட்டு மெஷின்களின் ரப்பர் வளையத்திலும் சோப்பு டிரேயிலும் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 79 சதவீத மெஷின்களில் பூஞ்சை இருந்தது. சுவரில் பூக்கும் சாதாரணப் பூசணத்தைவிட ஃபியூசேரியம், கேண்டிடா பாராசைலோசிஸ் போன்றவை அதிகம் தென்பட்டன. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத் தாக்கக்கூடியவை என்று மருத்துவர்களுக்குப் பழக்கமான பெயர்கள் இவை. சோப்பையும் சூட்டையும் தாங்குபவை மட்டும் எஞ்சிப் பெருகுவதால் இப்படி நேர்கிறது. பாக்டீரியாக்களில் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற நீர்வாழ் இனங்களும், நம் தோலிலிருந்து வரும் இனங்களும் சாதாரணமாகக் காணப்படுகின்றன.

காய்ந்தபோது மணமாக இருக்கும் துண்டு, நனைந்தவுடன் நாறுகிறது. ஏன்?

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பதிலும் சுவாரசியமானது. 2012இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இந்த ஈரவாடைக்குக் காரணமான பொருளையும் அதை உண்டாக்கும் பாக்டீரியாவையும் அடையாளம் கண்டார்கள். பொருள் 4-மெத்தில்-3-ஹெக்ஸெனோயிக் அமிலம். பாக்டீரியா மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். துணியில் தங்கிய உடம்பு எண்ணெயை அது உண்டு இந்த அமிலத்தை வெளிவிடுகிறது. மனித மூக்கு இதை மிக மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், மொராக்செல்லா காய்ந்த நிலையிலும் சாகாது. புற ஊதாக் கதிரையும் மற்ற பல பாக்டீரியாக்களைவிட நன்றாகத் தாங்கும். துண்டு காயும்போது அது செயலற்றுக் கிடக்கும். நாம் போட்ட லிக்விடின் வாசனை அதன்மேல் நிற்கும். குளித்துவிட்டுத் துடைத்தவுடன் ஈரமும் கூடவே புதிதாக உடம்பு எண்ணெயும் கிடைக்கின்றன. அது மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். அப்படியானால் அந்தத் துண்டு அழுக்குப் போகத் துவைக்கப்பட்டிருக்கிறது, கிருமி போகத் துவைக்கப்படவில்லை என்று அர்த்தம். வாசனை கூடிய லிக்விட் எத்தனை மாற்றினாலும் இது மாறாது. சூடும் ஆக்சிஜன் ப்ளீச்சும்தான் (தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும், குளோரின் இல்லாத ப்ளீச்) மாற்றும்.

விளையாட்டு உடைகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும். பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிக்குப் பின் டி-ஷர்ட்டுகளைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். பருத்தியைவிட பாலியஸ்டர் கூடுதலாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாகப் பெருகியதும் தெரிந்தது. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துணிகளோ பெரும்பாலும் அதிகச் சூடு தாங்காதவை. அவற்றைக் கழற்றியதும் பைக்குள் சுருட்டி வைக்காமல், காற்றில் விரித்துவிட்டுச் சீக்கிரம் துவைப்பதே சிறந்த தடுப்பு.

இதனால் உடம்புக்கு ஆபத்தா?

நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. நம் தோலே ஒரு நல்ல அரண். மெஷினில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை எங்கும் இருப்பவைதான். பயந்து மெஷினையே மாற்ற வேண்டியதில்லை.

கவனமாக இருக்க வேண்டியவர்கள் உண்டு. பிறந்த குழந்தைகள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஆறாத புண்ணோ உடம்பில் செருகிய குழாயோ உள்ளவர்கள். ஆஸ்துமாவும் பூஞ்சை அலர்ஜியும் உள்ளவர்களுக்கு மெஷின் கதவைத் திறக்கும்போது வரும் நெடியே தொந்தரவு தரலாம்.

எப்படி நடக்கும் என்பதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. 2012, 2013 ஆண்டுகளில் ஜெர்மனியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் வார்டில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்ற பாக்டீரியா திரும்பத் திரும்பத் தென்பட்டது. இன்குபேட்டரில் தேடினார்கள், ஊழியர்களைப் பரிசோதித்தார்கள், பிடிபடவில்லை. கடைசியில் அது குழந்தைகளின் கம்பளிக் குல்லாயும் காலுறையும் துவைக்க வைத்திருந்த வீட்டு உபயோக மெஷினில் இருந்தது. சோப்பு டிரேயிலும் ரப்பர் வளையத்திலும் அதே பாக்டீரியா. கடைசி அலசல் தண்ணீர் அந்த வழியே வந்து, சுத்தமான துணிமேல் கிருமியைத் தூவிக்கொண்டிருந்தது. மொத்தம் 14 குழந்தைகளின் உடம்பில் அது ஒட்டியிருந்தது. நல்ல வேளையாக ஒருவருக்கும் நோயாக மாறவில்லை. மெஷினை அகற்றியதும் பரவல் நின்றது. பான் பல்கலைக்கழகம் 2019இல் இதை விளக்கி வெளியிட்டபோது சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று: வீட்டு மெஷின், குறைந்த சூடு.

வீட்டில் பிறந்த குழந்தையோ தீவிர சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் இந்தச் சம்பவத்தை மனதில் வையுங்கள். அவர்கள் துணிக்கு 60 டிகிரி, சுத்தமான டிரே, சுத்தமான ரப்பர். இதில் சமரசம் வேண்டாம்.

ஒருவர் துணியிலிருந்து இன்னொருவர் துணிக்குக் கிருமி போகுமா?

போகும். ஒன்றாகத் துவைத்த துணிகளுக்கிடையே பாக்டீரியா இடம் மாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக ஒவ்வொருவருக்கும் தனி மெஷின் தேவையில்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி, தோல் தொற்று இருப்பவரின் துணியையும், மலம் பட்ட குழந்தைத் துணியையும் மட்டும் பிரித்து, 60 டிகிரியில் ஆக்சிஜன் ப்ளீச் உள்ள தூளோடு துவையுங்கள். போட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள்.

அப்படியானால் குளிர்ந்த தண்ணீரில் துவைக்கவே கூடாதா?

துவைக்கலாம். சாதாரண சட்டை, பேன்ட்டுக்கு 30 டிகிரியே போதும். மின்சாரம் மிச்சம், துணியும் நீடிக்கும். இன்றைய சோப்புகளில் உள்ள என்ஸைம்கள் அந்தச் சூட்டிலேயே கறையைக் கரைத்துவிடும். சிக்கல், எல்லாவற்றையும் எப்போதும் 30 டிகிரியிலேயே துவைப்பது. துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி ஆகியவற்றை 60 டிகிரியில், அல்லது 40 டிகிரியில் ப்ளீச் கலந்த சோப்போடு துவைக்கச் சொல்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. இந்தச் சூடான துவைப்பு துணிக்கு மட்டும் நன்மை செய்வதில்லை. மெஷினின் உள்பகுதியையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறது. வாரத்தில் ஒருமுறை துண்டுகளை 60 டிகிரியில் போடும் வீட்டில் மெஷின் வாடை அடிப்பது அரிது.

தூளா, லிக்விடா?

கிருமி விஷயத்தில் தூள். வெள்ளைத் துணிக்கான நல்ல தூள்களில் சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் ப்ளீச் இருக்கும். தண்ணீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். டேட் (TAED) என்ற துணைப்பொருளும் சேர்ந்திருந்தால் 40 டிகிரி அளவிலேயே பெர்அசிடிக் அமிலம் உண்டாகும். இது பலமான கிருமிக்கொல்லி. லிக்விடில் இந்த ப்ளீச் நிலைத்து நிற்காது என்பதால் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். நிறத்துணிக்கான தூள்களிலும் பெரும்பாலும் இருக்காது, பாக்கெட்டின் பின்னால் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நிறத் துணிக்கு லிக்விடே வசதி என்றால் அதையே வையுங்கள். வெள்ளைத் துணிக்கும் துண்டுக்கும் மட்டும் தூளுக்கு மாறினாலே மெஷினுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். கம்பளிக்கும் பட்டுக்கும் இந்தத் தூள் ஆகாது.

கொஞ்சம் கூடுதலாக சோப்பு போட்டால் கூடுதல் சுத்தம்தானே?

நேர்மாறு. கரைந்து அலசிப் போகாத சோப்பு வெளித் தொட்டியில் படிந்து கிருமிக்குத் தீனியாகிறது. நுரை அதிகமானால் துணி ஒன்றோடொன்று உரசுவதும் குறையும். துவைத்த துண்டை ஒரு வாளி வெறும் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். தண்ணீர் வெளுத்து நுரைத்தால் நீங்கள் போடும் அளவு அதிகம். மிகக் குறைவாகப் போடுவதும் நல்லதில்லை, எண்ணெய் துணியிலேயே தங்கிவிடும். பாக்கெட்டில் உங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கும் துணி அளவுக்கும் சொன்ன அளவைப் பின்பற்றுங்கள்.

ஃபேப்ரிக் சாஃப்ட்னர்?

துணியை மென்மையாக்குவது அதிலுள்ள கொழுப்புத்தன்மையான பொருள்தான். அதே பொருள் டிரேயிலும் பைப்பிலும் மெழுகாகத் திரள்கிறது. டிரேயில் அதிகம் கறுத்திருக்கும் அறை எது என்று பாருங்கள், அநேகமாக சாஃப்ட்னர் அறையாகத்தான் இருக்கும். துண்டுக்கு இது தேவையே இல்லை, தண்ணீர் உறிஞ்சும் திறனையும் குறைத்துவிடும். வாடைப் பிரச்சினை இருக்கும் வீட்டில் சில மாதம் நிறுத்திப் பாருங்கள் என்பதே என் யோசனை.

வினிகரும் பேக்கிங் சோடாவும் போதுமா?

இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பொங்கும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து, கரியமில வாயு போய், எஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதற்குச் சுத்தம் செய்யும் சக்தி ஏதுமில்லை.

தனித்தனியாக என்றால் கொஞ்சம் பயன் உண்டு. வினிகர் உப்புப் படிவைக் கரைக்கும். அந்த வேலைக்குச் சிட்ரிக் ஆசிட் அதைவிட மேல், நெடியும் இல்லை. அடிக்கடி வினிகர் ஊற்றினால் ரப்பர் பாகங்கள் சீக்கிரம் கெட வாய்ப்புண்டு. பேக்கிங் சோடா லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்ய உதவும், வாடையைச் சற்று உறிஞ்சும். பயோஃபிலிமை ஒழிக்க இரண்டாலும் ஆகாது.

குளோரின் ப்ளீச் பயன்படுத்தலாமா?

கறுப்புப் பூஞ்சைக்கு அதுதான் பலமான மருந்து. ஆனால் ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். குளோரின் ப்ளீச்சோடு வினிகர், சிட்ரிக் ஆசிட், பாத்ரூம் கழுவும் ஆசிட் எதையும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வெளிவரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. அமோனியா உள்ள கிளீனரோடும் கலக்கக் கூடாது. ஒருநாள் சிட்ரிக் ஆசிட் போட்டிருந்தால், நடுவில் வெறும் தண்ணீரில் முழுதாக ஓட்டிவிட்டுத்தான் இன்னொரு நாள் ப்ளீச்.

குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரோடு மட்டும் பயன்படுத்துங்கள். நல்ல சூட்டில் அது சிதைந்து வீணாவதோடு நெடியும் கிளம்பும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள். அடிக்கடி வேண்டாம், உலோகப் பாகங்களை அது அரிக்கும்.

முழுச் சுத்தம் எப்படிச் செய்வது?

கையால் செய்ய வேண்டியதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு மெஷினை ஓட்டுங்கள். வரிசை மாறினால் பலன் குறையும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் ஃபில்டர். கீழே தட்டும் பழைய துணியும் வையுங்கள். பக்கத்தில் சின்னக் குழாய் இருந்தால் அதன்வழியே தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு மூடியை மெதுவாகத் திருகுங்கள். சூடான துவைப்பு முடிந்த உடனே திறக்காதீர்கள், சுடும். வெளியே வருவதைப் பார்த்தால் வாடைக்கான விடை பலருக்கு அங்கேயே கிடைத்துவிடும்: முடிக்கற்றை, நாணயம், பட்டன், கறுப்புக் குழம்பு. ஃபில்டரைக் கழுவி, பொந்துக்குள்ளும் துடைத்து, மூடியை இறுக்கமாகப் பொருத்துங்கள்.

அடுத்து டிரே. வெந்நீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் மூலைகளைத் தேயுங்கள். பொந்தின் கூரையை மறக்காதீர்கள். பிறகு ரப்பர் வளையம். மடிப்பைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடையுங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால், ஒரு பங்கு குளோரின் ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியை மடிப்புக்குள் சுற்றித் திணித்து அரைமணி நேரம் விடுங்கள். சும்மா துடைத்துவிடுவதைவிட இப்படி ஊறவிடுவதுதான் வேலை செய்யும். பிறகு தண்ணீரால் நன்றாகத் துடைத்துவிட்டு, துணி போடாமல் ஒருமுறை அலசல் ஓட்டுங்கள்.

கடைசியாகக் காலி மெஷினை டப் கிளீன் புரோகிராமிலோ, இல்லாவிட்டால் இருப்பதிலேயே அதிகச் சூட்டிலோ ஆக்சிஜன் ப்ளீச் உள்ள தூளோடு ஓட்டுங்கள். முடிந்ததும் ரப்பரையும் கண்ணாடியையும் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தே விடுங்கள். பல வருடம் கவனிக்காத மெஷின் என்றால் முதல் ஓட்டத்தில் படலம் உரிந்து செதில் செதிலாக வரும். பயப்பட வேண்டாம், இன்னொரு முறை ஓட்டுங்கள்.

என் டாப் லோடில் வெந்நீர் வசதி இல்லை. என்ன செய்ய?

வெளியே காய்ச்சிய தண்ணீரை ஊற்றலாமா, எவ்வளவு சூடுவரை என்று முதலில் கையேட்டில் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் பாகங்கள் கெடும். அனுமதி இருந்தால் தொட்டியை அதிக மட்டத்துக்கு நிரப்பி, ஆக்சிஜன் ப்ளீச் தூளைக் கரைத்து, சில நிமிடம் சுழலவிட்டு நிறுத்தி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். மிதந்து வரும் கறுப்புச் செதில்களைச் சிறு வலையால் அள்ளி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிரெயினை அடைக்கும். பிறகு முழுச் சுற்று ஓட்டுங்கள். வெந்நீருக்கே வழியில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் குளோரின் ப்ளீச், கையேடு சொல்லும் அளவில்.

எவ்வளவு தேய்த்தும் ரப்பரின் கறுப்பு போகவில்லை.

பூஞ்சையின் இழை ரப்பருக்குள் இறங்கிவிட்டால் அது செத்த பிறகும் கறை நிற்கும். வழுவழுப்பும் வாடையும் இல்லையென்றால் அந்தக் கறையை விட்டுவிடலாம். ரப்பர் விரிந்து பிசுபிசுத்தாலோ வெடிப்பு விட்டாலோ புதிதாக மாற்றுவதே வழி. மெஷினையே மாற்றத் தேவையில்லை, அந்த வளையம் தனியாகக் கிடைக்கும்.

கதவைத் திறந்தே வைக்கலாமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

மெஷின் காய வேண்டும், அதற்குத் திறந்து வைப்பதுதான் வழி. ஆனால் சின்னக் குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் டிரம்முக்குள் ஏறிவிடுவதுண்டு, உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது. குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தையின் பாதுகாப்பே முதலில். அறைக் கதவைப் பூட்ட முடிந்தால் மெஷினைத் திறந்து வையுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் ரப்பரையும் கண்ணாடியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், குழந்தை தூங்கும் நேரத்தில் கண்பார்வையில் திறந்து வையுங்கள், டிரேயை மட்டும் எப்போதும் வெளியே இழுத்து வையுங்கள்.

துவைத்த துணியை இரவு முழுக்க மெஷினிலேயே விட்டுவிட்டால்?

முகர்ந்து பாருங்கள். லேசான வாடை இருந்தாலும் மறுபடி துவைப்பது நல்லது. காயவைத்தால் வாடை மறையும், கிருமி மறையாது. காலையில்தான் எடுக்க முடியும் என்றால் டைமர் வைத்து, நீங்கள் எழும் நேரத்துக்குத் துவைப்பு முடியும்படி செய்யுங்கள். அழுக்குத் துணியையும் மெஷினுக்குள் சேர்த்து வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள கூடைதான் அதற்கு இடம்.

எல்லாம் சுத்தம் செய்துவிட்டேன், வாடை மட்டும் போகவில்லை.

எந்த வாடை என்று பிரித்துப் பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் மெஷினைவிடக் கழிவுநீர்க் குழாய்மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு அங்கிருந்து ஏறி வரும். டிரெயின் பைப் சேரும் இடத்தில் தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்கும் வளைவு இருக்கிறதா, பைப்பின் முனை கழிவுநீரில் மூழ்கும்படி ஆழமாகச் செருகப்பட்டிருக்கிறதா, கையேடு சொன்ன உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பைப் தரையோடு கிடந்தால் அழுக்குத் தண்ணீர் திரும்ப உள்ளே வரலாம்.

ரப்பர் கருகும் வாடை என்றால் கிருமி இல்லை. பெல்ட்டோ மோட்டாரோ, உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மக்கல் வாடையே தொடர்ந்தால் வெளித் தொட்டியில் கசடு கெட்டியாகிவிட்டது என்று பொருள். டிரம்மைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை இதையெல்லாம் செய்ய வேண்டும்?

ரப்பரைத் துடைப்பது ஒவ்வொரு முறையும். காலி மெஷினைச் சூடாக ஓட்டுவது மாதம் ஒருமுறை. டிரேயும் ஃபில்டரும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, செல்லப் பிராணி இருக்கும் வீட்டில் இன்னும் அடிக்கடி. கடினநீர் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் ஆசிட்.

நாற்றம் ஏறிய துண்டுகளைக் காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் மெஷினைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஏறிவிடும். பிறகு வெந்நீரில் ஆக்சிஜன் ப்ளீச் தூளைக் கரைத்துத் துண்டுகளைச் சில மணி நேரம் ஊறவைத்து, 60 டிகிரியில் துவைத்து, கூடுதலாக ஒரு அலசல் கொடுங்கள். சாஃப்ட்னர் வேண்டாம். நன்றாக ஸ்பின் செய்து, உடனே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து, காற்றும் வெயிலும் படக் காயப் போடுங்கள். சோதிக்க வேண்டுமானால் காய்ந்த துண்டின் ஒரு மூலையை நனைத்துக் கொஞ்ச நேரம் கழித்து முகருங்கள். வாடை வந்தால் இன்னொரு முறை ஊறவையுங்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகும் வந்தால் அந்தத் துண்டைத் தரை துடைக்க ஒதுக்கிவிடுவது நல்லது.